ஆச்சிக்கு வெள்ளிக்கிழமை போன் எடுக்கிறபோது

கொமினிகேசன் கடைகள் இருந்த காலத்தில் வவுனியாவில் அப்படியொரு கடையில் ஏழு வருசம் வேலை செய்தேன். பெட்டிக்குள் நின்று லண்டனோடும் கனடாவோடும் கதைப்பவர்களின் குரல் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்கும். நிமிடக் கணக்கில் காசு, ஆகவே எல்லாருக்கும் அவசரம். இப்போது கிழமையில் மூன்று நாள், மறதி நோய் வந்த மூன்று பேருக்கும் அவர்களைப் பார்க்கிற பிள்ளைகளுக்கும் முள்ளியவளையில் என் வீட்டு விறாந்தையில் இருந்து போன் எடுக்கிறேன். கடையில் பழகிய அவசரத்தை விடத்தான் எனக்குக் கனநாள் எடுத்தது.

நீங்களும் இப்படிப் போன் எடுக்கத் தொடங்க முன்னம் வீட்டாரோடு ஒருக்கால் கதையுங்கள். எந்தக் காது நல்லாய்க் கேட்கும், எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்கும், எந்தக் கதையை எடுக்கக் கூடாது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நேரம் காலை பத்து மணி, தேத்தண்ணி குடித்த பிறகு. பொழுது படுகிற நேரம் பலருக்குத் தடுமாற்றமும் பதற்றமும் கூடும், அப்போது எடுக்க வேண்டாம். ரீவியை நிற்பாட்டச் சொல்லுங்கள். மலிவான போனின் ஸ்பீக்கரில் குரல் உடையும். காதோடு வைத்துக் கதைப்பதுதான் நல்லது.

ஒவ்வொரு முறையும் உங்கள் பேரை நீங்களே சொல்லுங்கள். "என்னைத் தெரியுதோ ஆச்சி?" என்று கேட்காதீர்கள். அது சோதினை. தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாய் இருக்கும். "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பதும் சோதினைதான். புதிதாய் நடந்தது முதலில் போகும், பழையது கனகாலம் நிற்கும். ஆகவே பழைய பக்கம் போங்கள். நான் புதுக்குடியிருப்பு ஆச்சியிடம், "வற்றாப்பளை அம்மனுக்குத் தேங்காயெண்ணெயிலதானே ஆச்சி விளக்கெரிக்கிறது?" என்று வேண்டுமென்றே பிழையாய்க் கேட்பேன். "உனக்கென்ன விசரே, கடல் தண்ணியில எரியிறதடி மோனை!" என்று ஆச்சி எனக்குப் படிப்பிப்பார். அன்றைக்கு அந்தக் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். இன்னொரு ஐயாவுக்குச் சூடு மிதிப்பு, மாடு விட்டு மிதிச்சு நெல் பிரிக்கிற கதை. காலபோக அறுவடை, மாட்டை வளைத்து நடத்தினது, "பொலி, பொலி" என்று கூப்பிட்டது, எல்லாம் வரும். ஒரே கதையை நாலு தரம் சொல்லுவார். நாலு தரமும் முதல் தரம் கேட்கிற மாதிரிக் கேளுங்கள்.

ஒரு நேரம் ஒரு கேள்வி. கேட்டுப்போட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்கள் தலையாட்டுவது அவருக்குத் தெரியாது, ஆனபடியால் "ஓம்", "ம்" என்று குரலால் தலையாட்டுங்கள்.

இனி எங்கட இடத்துக்கே உரிய சிக்கல். பழைய பக்கம் போனால் நல்லது என்றேன். வன்னியில் பழைய பக்கத்தில் சண்டைக்கால செல் அடியும், பதுங்கின பங்கரும் இருக்கிறது. முதல் மாதம் ஒரு அம்மாவிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டுவிட்டேன். வேறு எந்த ஊரிலும் அது சும்மா கேள்வி. அவரின் ஒரு மகன் 2009இல் காணாமல் போனவர். அன்றைக்கு இரவு வரை அந்த அம்மா படலையடியில் நின்றதாக மகள் சொன்னாள். என் பிழைதான். கொப்பியில் அந்த வீட்டுக்கு மேலே அதைச் சிவப்பால் எழுதி வைத்திருக்கிறேன்.

"தம்பி வந்திட்டானோ?" என்று அவர்களே கேட்டால்? "வந்திட்டான்" என்று பொய் சொல்ல வேண்டாம். "இல்லையம்மா, அவர் காணாமல் போயிட்டார்" என்றும் சொல்ல வேண்டாம்; ஒவ்வொரு தரமும் அது புதுச் செய்தியாகத்தான் விழும். நான், "தம்பியை நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ? அவர் சின்னனில என்ன குழப்படி செய்தவர்?" என்று கேட்பேன். அழுதால் அழட்டும், லைனில் இருங்கள். திருவிழா வெடி கேட்டு, "செல் வருது" என்று பதறினால், சண்டை முடிந்துவிட்டது என்று வாதாட வேண்டாம். "நான் உங்களோட இருக்கிறன். மகள் பக்கத்தில நிற்கிறா" என்று மெதுவாய்ச் சொல்லுங்கள்.

பராமரிப்பவருக்கு வேறு கோல் எடுங்கள், தாய் நித்திரையான நேரம். தாய்க்கு முன்னால் தாயைப் பற்றி முறைப்பாடு கேட்கக் கூடாது. "அம்மா எப்படி?" என்று தொடங்காதீர்கள், அதை எல்லாரும் கேட்கிறார்கள். "நீ சாப்பிட்டனியோ பிள்ளை?" என்று கேளுங்கள். ஒரு மகள் அதற்கே விம்மினாள். புத்தி சொல்ல வெளிநாட்டு அண்ணன்மார் போதும். "ஆத்திரத்தில அடிச்சுப்போட்டன் அக்கா" என்று சொன்னால் திடுக்கிட்டுக் கத்தாதீர்கள். ஆனால் அதோடு விடவும் கூடாது: பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் யார் வந்து இருக்கலாம் என்று அப்போதே சேர்ந்து யோசியுங்கள், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் கொடுங்கள்.

நேற்று வரை நன்றாய்க் கதைத்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று பிதற்றினால், அல்லது எழும்பாமல் தூங்கிக்கொண்டே கிடந்தால், "அறளை பேர்ந்திட்டுது" என்று விட்டுவிட வேண்டாம். சலத்தில் (சிறுநீரில்) கிருமியோ, உடம்பில் தண்ணீர் வற்றினதோ, புது மருந்தோ காரணமாய் இருக்கலாம். அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும்; இலங்கையில் அம்புலன்ஸ் இலக்கம் 1990.

முடிக்கும்போது ஒரு சின்ன விசயம். நான் வழமைப்படி "போட்டு வாறன் ஆச்சி" என்றுதான் வைப்பேன். ஆச்சி அதை அப்படியே எடுத்து, பிள்ளை வரப்போகுது என்று மகளைக் கொண்டு தேத்தண்ணி போடுவித்து வைத்திருந்தாராம், மூன்று கிழமையாய். இப்போது, "வெள்ளிக்கிழமை திரும்ப எடுக்கிறன்" என்று சொல்கிறேன். மகள் கலண்டரில் வட்டம் போட்டு ஆச்சிக்குக் காட்டுகிறாள். இருந்தாலும் ஆச்சி ஒரு கோப்பை எடுத்து வைக்கச் சொல்கிறாராம்.