கடற்கரை வெளிச்சத்தில் ரா படங்கள்: எடுப்பது முதல் அச்சிடுவது வரை

தனுஷ்கோடிக்கு அருகே முகுந்தராயர் சத்திரத்தில் ஒரு விடியற்காலை. மணலில் ஏற்றி வைத்த வல்லம் என்னும் மீன்பிடிப் படகு, அதன் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், அவருக்குப் பின்னால் சூரியன். படம் எடுத்துத் திரையில் பார்த்தேன். வானம் நன்றாக வந்திருந்தது. வல்லமும் பெரியவரும் வெறும் கறுப்பு உருவங்களாக இருந்தார்கள். வல்லத்தின் முகப்பில் எழுதியிருந்த பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. அன்று மாலை அதே படத்தின் ரா கோப்பைக் கணினியில் திறந்து நிழல் பகுதியை மெல்ல ஏற்றினேன். எழுத்து எழுத்தாகப் பெயர் வெளியே வந்தது. பெரியவரின் விரல்களும் வந்தன.

அந்த ஒரு படத்தை வைத்தே முழு வேலையையும் சொல்கிறேன்.

ரா என்றால் என்ன?

கேமரா ஜேபெக் படம் தரும்போது நிறம், பிரகாசம், கூர்மை எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்து, மிச்சத் தகவலைக் கழித்துவிடுகிறது. மீனைக் கீறி, உப்பிட்டு, காயவைத்துக் கருவாடாக்கிக் கொடுப்பதுபோல. கருவாடு நல்ல பொருள்தான். ஆனால் அதைத் திரும்பப் பச்சை மீனாக்க முடியாது. ரா கோப்பு வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த மீன். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் விழுந்த ஒளியின் அளவு ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கும்.

கணக்காகவும் சொல்லலாம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 12 பிட் ரா கோப்பில் 4,096. 14 பிட் என்றால் 16,384. வல்லத்தின் இருண்ட பக்கத்தில் பெயர் ஒளிந்திருந்தது இந்தக் கூடுதல் படிநிலைகளில்தான்.

கேனனில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று கோப்பின் பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் புரோ மோடில் டிஎன்ஜி வடிவில் ரா எடுக்கலாம்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

கேமரா மெனுவில் படத் தரம் என்ற இடத்தில் ‘ரா + ஜேபெக்’ என்று வையுங்கள். முதல் ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு 25 முதல் 30 எம்பி வரை வரும். 32 ஜிபி கார்டில் ரா மட்டும் என்றால் ஏறக்குறைய ஆயிரம் படங்கள். ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம்.

லென்ஸையும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தனுஷ்கோடிக் காற்றில் லென்ஸைக் கழற்றினால் மணல் நேராக சென்சாரில் போய் உட்காரும். பிறகு ஒவ்வொரு வானத்திலும் கரும்புள்ளிகளைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக் காற்று பட்ட கேமராவைத் திரும்பியதும் லேசாக ஈரமாக்கிய துணியாலும், அடுத்து உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள்.

கரையில்

அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) முன்னுரிமை மோடு, திறப்பு எஃப்/8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்கினால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். குளிர்காலத்தில் வரும் பூநாரைகள் பறப்பதை எடுக்க 1/1000 நொடியாவது வேண்டும். இவ்வளவு போதும்.

உங்கள் கவனம் முழுவதும் போக வேண்டிய இடம் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவு. ரா எடுத்தால் எதையும் பிறகு சரிசெய்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இருட்டில் கிடப்பதை மீட்கலாம். அளவு மீறி வெளுத்துப்போனதை மீட்க முடியாது. சென்சாரின் அந்தப் புள்ளி ஒளியால் நிரம்பி வழிந்துவிட்டது, அங்கே தகவல் என்று எதுவும் இல்லை. தொடக்கத்தில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் எடுத்த ஒரு நாள் படங்கள் முழுவதையும் நான் இப்படித்தான் இழந்தேன். ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) பெண்கடலும் (பாக் நீரிணை) சேரும் இடத்தின் நிற வேறுபாட்டைப் பிடிக்கப் போய், மேகம் எல்லாம் வெற்றுத்தாளாக வந்தது. அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே திரையில் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்கள். இடது ஓரம் இருள், வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம் அது. மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் எக்ஸ்போஷர் ஈடுகட்டலை ஒரு ஸ்டாப் குறையுங்கள், ஒளி பாதியாகும். வெளுத்த இடங்கள் கண்சிமிட்டும் எச்சரிக்கையையும் இயக்கி வையுங்கள். சூரியனின் வட்டம் கண்சிமிட்டினால் பரவாயில்லை. மேகம் கண்சிமிட்டக் கூடாது. இந்த இரண்டும் ஜேபெக் முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகின்றன. எனவே பட பாணியை ‘நியூட்ரல்’ என்று வைத்தால் உண்மைக்கு நெருக்கமாகக் காட்டும்.

நடுப்பகலில் நிலைமை தலைகீழ். வெண்மணல் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அப்போது அரை ஸ்டாப்போ அதற்குச் சற்று மேலோ கூட்ட வேண்டும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தில் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பழகலாம். கூரை இல்லாத உச்சியில் கண்ணைப் பறிக்கும் வானம், கீழே நிழலில் பவளக்கல் சுவர்.

கணினியில்

முதலில் கோப்புகளைத் தேதியிட்ட கோப்புறையில் நகலெடுத்து, வேறொரு டிஸ்கிலும் ஒரு நகல் வையுங்கள். அதுவரை கார்டை அழிக்காதீர்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கேனன் வைத்திருப்பவர்களுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிக்கான்காரர்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ இலவசம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் பெரும்பாலான கேமராக்களுக்கு ஏற்ற கட்டற்ற மென்பொருள்கள். ஆனால் அவற்றில் கருவிகள் ஏராளம். கேமரா நிறுவனத்தின் மென்பொருளில் கை பழகிய பிறகு அங்கே போவது நல்லது. எதில் திருத்தினாலும் மூலத் தகவல் அழிவதில்லை. எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்கலாம்.

ரா கோப்பு முதலில் மங்கலாகத் தெரியலாம். பதற வேண்டாம். வல்லத்துப் படத்தில் நான் செய்த வரிசை இது.

முதலில் அடிவானத்தை நேராக்கினேன். கடல் சாய்ந்திருந்தால் வேறு எந்தத் திருத்தமும் அந்தப் படத்தைக் காப்பாற்றாது.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச் சாயலைச் சமன் செய்வது. ரா கோப்பில் இதை இழப்பின்றி மாற்றலாம். ‘டேலைட்’டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். நிறம் எடுக்கும் குழாயை மணலில் வைத்துச் சொடுக்காதீர்கள். நம் மணலில் லேசான மஞ்சள் உண்டு, அதைச் சமன் செய்யப் போய்ப் படம் முழுவதும் நீலம் பாய்ந்துவிடும். விடியலின் பொன்னிறத்தையும் முழுதாகச் சரிசெய்துவிடக் கூடாது, அதற்காகத்தானே இருட்டில் எழுந்து போனோம்.

பிறகு ஹைலைட்ஸ், அதாவது வெளிச்சப் பகுதிகள். அதைக் குறைத்தபோது சூரியனைச் சுற்றியிருந்த மேகத்தின் மடிப்புகள் தெளிந்தன. அதன் பின் ஷேடோஸ், அதாவது நிழல் பகுதிகள். இங்கே பொறுமை வேண்டும். பாதிவரை ஏற்றியதும் பெயர் தெரிந்தது. இன்னும் ஏற்றிப் பார்த்தேன். வல்லத்தின் பலகைகளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கிளம்பின, நிழலுக்குரிய ஆழமும் போய்விட்டது. திரும்பப் பாதிக்கே இறக்கினேன். எதிர்வெளிச்சத்தில் உட்கார்ந்தவர் எதிர்வெளிச்சத்தில்தான் இருக்க வேண்டும்.

நிறச் செறிவைத் தொடாமலே விட்டேன். மன்னார் வளைகுடாவுக்கு ஒரு நீலம் உண்டு, பாக் நீரிணைக்கு ஒரு பச்சை உண்டு. இரண்டையும் ஒரே பளபளப்பில் முக்கி எடுத்த படங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. கடைசியாகக் கொஞ்சம் கூர்மை, கொஞ்சம் இரைச்சல் குறைப்பு (அந்தப் பொடிப்புள்ளிகளை அடக்குவது).

வெளியே எடுத்தல்

பெரும்பாலான திரைகளுக்கு ஏற்ற எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் தரம் 90. கைபேசியில் அனுப்ப நீளப் பக்கம் 2,048 பிக்சல் போதும். அச்சுக்கு முழு அளவிலேயே வெளியே எடுங்கள். திரையில் தெரிவதைவிட அச்சில் சற்று இருண்டு வரும் என்பதால் அதற்கு மட்டும் எக்ஸ்போஷரைத் துளி ஏற்றிக்கொள்ளலாம். 8-க்கு 12 அங்குலத்தில் அச்சிட்டு அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தைத் தேடுவதற்கு முன் அவர் விரல் வைத்துப் படித்தது வல்லத்தின் பெயரைத்தான்.