சென்னைலேர்ந்து நியூசிலாந்து பேங்க்ஸ் ட்ராக்: மொதல் தடவை நடக்கப் போறவங்களுக்கு

மொதல்ல இது என்ன மாதிரி பாதைனு தெரிஞ்சுக்கோங்க. பேங்க்ஸ் ட்ராக் அரசாங்கத்தோட பாதை இல்ல, நியூசிலாந்து தெற்குத் தீவுல அகரோவாங்கிற ஊர்ப்பக்கம் கடலோர நிலம் வச்சிருக்கறவங்க ஒண்ணு சேர்ந்து 1989ல திறந்த தனியார் பாதை. 1984லேர்ந்து அங்க விவசாய மானியத்தை எல்லாம் எடுத்துட்டாங்க, ஆடு வளர்க்கிறவங்க ரொம்பவே திணறின காலம் அது. நீங்க கட்டற காசு அந்த நிலத்துக்காரங்களுக்கே போகுது, எனக்கு இந்தப் பாதை பிடிச்சதுக்கு அதுதான் பெரிய காரணம். நம்ம ஊர்ல அடுத்தவங்க வயல் வரப்புல எப்படிப் பாத்து நடப்போமோ அந்த மரியாதையோட நடக்கணும், அவ்ளோதான்.

ஸ்டெப் 1, புக்கிங். அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன், அங்க அப்பதான் வெயில் காலம். ஒரு நாளைக்குக் கொஞ்ச பேரைத்தான் விடுவாங்க, அதனால தேதி கிடைச்சதும் விசாவுக்குப் போடுங்க. சென்னைலேர்ந்து சிங்கப்பூர் மாறி கிரைஸ்ட்சர்ச், அங்கேர்ந்து ரோட்ல ஒன்றரை மணி நேரம்.

ஸ்டெப் 2, பயிற்சி. இதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க ப்ளீஸ். தூரம் மூணு நாள்ல கிட்டத்தட்ட 30 கி.மீ.தான், பெசன்ட் நகர் பீச்ல டெய்லி வாக்கிங் போறவங்களுக்கு அது ஒண்ணுமே இல்லனு தோணும், ஆனா மொதல் நாளே கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 700 மீட்டர் ஏறணும், அப்புறம் அதே அளவு மறுபக்கம் கடலுக்கு இறங்கணும், முட்டி கழண்டுடும். நம்ம பரங்கிமலை சுமார் 300 அடிதான், அப்போ அதை ஏழெட்டு தடவை ஏறி இறங்கற கணக்கு. வார லீவுல காலைல வெயில் ஏறதுக்குள்ள முதுகுல ஏழெட்டு கிலோ பையோட அந்தப் படிக்கட்டுல போங்க, மொத வாரம் ரெண்டு தடவை போதும், அப்புறம் கூட்டிக்கோங்க. நடக்கப் போற ஷூவைப் போட்டுக்கிட்டே பழகுங்க.

ஸ்டெப் 3, ஷூவைத் துடைங்க. சிரிக்காதீங்க, ஏர்போர்ட்ல இதுதான் முக்கியம். மண்ணு, விதை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, ஷூ இருக்குனு ஃபார்ம்லயும் எழுதணும். சாப்பாட்டு ஐட்டம் எல்லாமே அப்படித்தான், பருப்புப் பொடி கொண்டு போனாலும் எழுதிடுங்க, சொல்லாம மாட்டினா அங்கயே 400 நியூசிலாந்து டாலர் ஃபைன். தேன், பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். தங்கற இடத்துல அடுப்பு, பாத்திரம் இருக்கு, அரிசி, பருப்பு அங்க கடைல வாங்கி சமைச்சுக்கலாம். வெயில் கம்மியா தெரிஞ்சாலும் தோல் கருகிடும், சன்ஸ்க்ரீன் கட்டாயம். தெக்குக் காத்து அடிச்சா திடீர்னு குளிரும், ஸ்வெட்டரும் ரெயின் கோட்டும் பைல மேலயே இருக்கட்டும்.

ஸ்டெப் 4, நடக்கும்போது. கேட் திறந்திருந்தா திறந்தபடியே விடுங்க, மூடியிருந்தா நீங்க போனதும் மூடுங்க. நல்லது பண்றோம்னு திறந்திருக்கற கேட்டை மூடிட்டா ஆட்டு மந்தை தண்ணி இருக்கற பக்கம் போக முடியாம நின்னுடும். குறி வச்ச வழியை விட்டு விலகாதீங்க, வேலி ஏறணும்னா அதுக்குப் படி போட்டிருப்பாங்க, அதுல மட்டும் ஏறுங்க. குட்டியோட ஆடு குறுக்க நின்னா நீங்கதான் நிக்கணும்.

பாதைல வர்ற ஃப்ளீ பேங்கிற சின்ன விரிகுடால, வளர்ந்தாலும் சின்னதாவே இருக்கற ஒரு வகை பெங்குவின்கள் கூடு கட்டற பெரிய காலனி இருக்கு. அதுங்களைத் தின்ன வர்ற பிராணிகளைப் பொறி வச்சுப் பிடிச்சு வருஷக்கணக்கா காப்பாத்தறதும் அந்தப் பண்ணைக்காரங்கதான், கூட்டுக்கிட்ட போகாதீங்க, ஃப்ளாஷ் அடிக்காதீங்க. கடைசி நாள் ஹினேவாய் காடு வழியா வருவீங்க. 1987ல ஆரம்பிச்ச தனியார் சரணாலயம் அது, வெளிநாட்டு முள்ளுப் புதரை வெட்டாம விட்டு அதோட நிழல்லயே சொந்த ஊர் மரங்களை வளர விட்டாங்க, அங்க அவசரப்படாம நடங்க.

அன்னிக்கு ராத்திரியே ஃப்ளைட் மட்டும் போட்டுடாதீங்க. அகரோவா வந்து சேர மத்தியானம் தாண்டிடும், ஒரு நாள் அங்கயே தங்கிட்டு கிளம்புங்க.