நாடகத்தனம், சினிமாத்தனம்: எழுதும்போதும் மேடையேற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடகம் படித்த நாட்களில் நான் எழுதிய முதல் திரைப்பட விமர்சனத்தில் "இரண்டாம் பாதி கொஞ்சம் நாடகத்தனமாக இருந்தது" என்று ஒரு வரி வரும். படித்துப் பார்த்த ஆசிரியர் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் "எது?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். பகலெல்லாம் நாடகம் கற்றுக்கொண்டு, ராத்திரி உட்கார்ந்து அதே சொல்லைத் திட்டுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மேடைப் பக்கம் வந்தாலும் இதே கதைதான். ஒரு நாடகம் பிடிக்கவில்லை என்றால் "சினிமாத்தனம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

இரண்டிலும் கால் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். படத்தை நாடகக் கண்ணால் பார்த்து எழுதுகிறோம், நாடகத்தைச் சினிமாக் கண்ணால் பார்த்துச் செய்கிறோம். இரண்டின் மீதும் உள்ள ஆசைதான் காரணம் என்பதால் நமக்கு இது எளிதில் தெரிவதும் இல்லை.

முதலில் எழுத்து. "நாடகத்தனம்" என்று எழுதும்போது மனதில் இருப்பது என்ன? உரத்த குரலா, நீளமான வசனமா, ஒரே அறைக்குள் கதை நடப்பதா, கேமரா அசையாமல் நிற்பதா? நான்கும் வேறு வேறு விஷயங்கள், நான்குமே தானாகக் குறையாகிவிடாது. அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட்டின் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' (1957) பன்னிரண்டு ஜூரிகள் ஏறத்தாழ முழுப் படமும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் படம். 1954-ல் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை அது. அதில் கேமரா தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது, நடுவில் கண்மட்டத்துக்கு இறங்குகிறது, கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடுகிறது. கூடவே லென்ஸின் குவியத் தூரமும் கூடிக்கொண்டே போகிறது. அதனால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர் நெருங்கி வருகிறது, கூரை கண்ணில் படுகிறது, அறையே சுருங்கிய மாதிரி ஆகிவிடுகிறது. வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குப் புழுக்கம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

நாடக மாணவர்களுக்கு இது கஷ்டமான இடம். நாம் பிரதியிலிருந்து தொடங்கப் பழகியவர்கள். பாத்திரம், நோக்கம், வசனம், முரண் என்று படிக்கக் கற்றவர்கள். படம் பார்த்துவிட்டு வந்ததும் கை தானாகக் கதையை எழுத ஆரம்பித்துவிடும். எட்டுப் பத்தி விமர்சனத்தில் ஆறு பத்தி கதைச்சுருக்கம். மீதி இரண்டில் "ஒளிப்பதிவு பிரமாதம், படத்தொகுப்பு கச்சிதம், பின்னணி இசை படத்துக்குப் பலம்" என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாலை. எந்தப் படத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி, உண்மையில் எந்தப் படத்தைப் பற்றியதும் இல்லை.

எனக்குப் பலித்த வழி இது. படத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு மூன்று முறை பார்ப்பது. ஒரு முறை அப்படியே, ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு முறை திரையைப் பார்க்காமல் காதை மட்டும் வைத்து. நடுவில் எத்தனை கட், அதாவது ஒரு ஷாட்டை வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகும் இடம் எத்தனை, என்று எண்ணிவிட வேண்டும். எண்ணுவது அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் "இரண்டு நிமிடச் சண்டை ஒரே ஷாட்டில் ஓடி, கன்னத்தில் அறை விழும் நொடியில் மட்டும் வெட்டுகிறார்" என்று ஒரு வரி கையில் கிடைத்த பிறகு "கச்சிதம்" என்ற சொல்லுக்கு வேலையே இருக்காது.

இன்னொன்று, எல்லாப் புகழையும் நடிகருக்கே கொடுப்பது. நடிப்புப் பயிற்சியில் இருப்பவர்கள் இதில் என்னைவிட மோசம். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை திரைப்பட வகுப்புகளில் அரிச்சுவடி மாதிரி. நடிகர் இவான் மோஸ்ஜுகினின் ஒரே முகத்தை ஒரு தடவை சூப் தட்டுக்குப் பக்கத்திலும் இன்னொரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் வெட்டி ஒட்டினார். பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் இன்னொன்றில் துயரத்தையும் கண்டு, நடிப்பைப் பாராட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. முகம் மாறவே இல்லை. நடிகர் ஒன்றுமே செய்வதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. "கண்ணாலேயே நடித்திருக்கிறார்" என்று எழுதும் முன்பு, அந்தக் கண்ணுக்கு முன்னும் பின்னும் எந்த ஷாட் வந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம்.

சின்ன விஷயங்கள் சில: வசனத்தை நினைவிலிருந்து மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள், பாதி நேரம் அது நம் வசனமாக இருக்கும். எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் விமர்சனத்தைத் திறக்காதீர்கள். நண்பர் நடித்த படம் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எழுதாதீர்கள்.

சரி, மேடைக்கு வருவோம்.

நான் இயக்கிய முதல் நாடகத்தில் 22 காட்சிகள். எழுதும்போது அது திரைக்கதை என்று எனக்குத் தோன்றவே இல்லை. படுக்கையறை, பேருந்து நிறுத்தம், மறுபடி படுக்கையறை, ஒரு தொலைபேசி அழைப்பு, ஆஸ்பத்திரி. சினிமாவில் ஒரே ஒரு 'கட்' போட்டுத் தாண்டிவிடலாம். மேடையில் என் கையில் இருந்த ஒரே கட் விளக்கை அணைப்பதுதான். கட்டிலை நகர்த்து, நாற்காலியைக் கொண்டு வா, யாரோ எதிலோ இடித்துக்கொள்ளும் சத்தம். காட்சிகளுக்கு இடையில் 21 இருட்டு. ஒவ்வொன்றும் அரை நிமிடம் என்று வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் பார்வையாளர்களைக் கும்மிருட்டில் உட்கார வைத்திருக்கிறேன். ஒவ்வோர் இருட்டிலும் ஒருவர் கைபேசியைப் பார்த்தார். அந்த வெளிச்சம் மட்டும் பிரமாதமாகத் தெரிந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்துத் திறந்தவெளி அரங்குகளில் பகல் வெளிச்சத்தில்தான் நாடகம் நடந்தது. அணைக்க விளக்கும் இல்லை, இழுத்து மூட முன்திரையும் இல்லை. ஒரு கூட்டம் ஒரு வாசல் வழியாகப் போகும்போதே அடுத்தது இன்னொரு வாசலில் நுழையும். இது காடு, இது அரண்மனை என்பதை ஒரு வரி வசனம் சொல்லிவிடும். பார்வையாளர் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக வந்திருக்கிறார், நாம்தான் அவரை நம்புவதில்லை. இன்று எந்தப் பிரதி கைக்கு வந்தாலும் முதல் வாசிப்பிலேயே இருட்டுகளை எண்ணிவிடுகிறேன். மூன்றுக்கு மேல் போனால் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

அடுத்தது முகம். க்ளோசப் பார்த்து வளர்ந்த நமக்கு, மெல்லப் பேசி, புருவத்தை லேசாக அசைத்தால் அது 'இயல்பான நடிப்பு'. மூன்றாவது வரிசை வரை அது சரி. கடைசி வரிசைக்குப் புருவம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உடனே கத்தச் சொல்லக் கூடாது, அது எதிர்ப்பக்கத்துத் தவறு. மேடையிலும் க்ளோசப் உண்டு, அதை வேறு விதமாகச் செய்ய வேண்டும். ஐந்து பேர் அசையாமல் நின்று ஒருத்தி கையில் இருக்கும் கடிதத்தையே பார்த்தால், அரங்கம் முழுக்க அந்தக் கடிதத்தைத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் ஓரத்தில் நிற்கும் ஆறாமவர் தலையைச் சொறிந்தால் க்ளோசப் அவருக்குப் போய்விடும்.

பின்னால் திரை கட்டி வீடியோ ஓட்டும் ஆசையும் இங்கே சேர்த்தி. ஒளிர்ந்துகொண்டே அசையும் பெரிய பிம்பமும் உயிருள்ள சின்ன மனிதரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் பிம்பத்துக்குத்தான் போகும். காரணம் இருந்தால் பயன்படுத்துங்கள். செட் போடக் காசில்லை என்பது காரணமாகாது, வெறும் மேடையே போதும்.

நிஜமான இடத்தைக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீன் 1924-ல் எரிவாயுத் தொழிற்சாலை பற்றிய நாடகத்தை மாஸ்கோவில் ஒரு நிஜ எரிவாயுத் தொழிற்சாலைக்குள்ளேயே நடத்திப் பார்த்தார். அந்த இயந்திரங்களுக்கும் வாசனைக்கும் முன்னால் நடிப்பு பொய்யாகத் தெரிந்தது, முயற்சி எடுபடவில்லை. அதற்கப்புறம் அவர் போனது சினிமாவுக்கு.

நான் திருத்திக்கொள்ள அதிக நாள் எடுத்தது ஒத்திகையில் உட்காரும் இடம். மூன்றாவது வரிசை, நட்டநடு நாற்காலி. ஒத்திகை முழுக்க அங்கேயே இருந்து ஒவ்வொரு அசைவையும் அமைத்தேன். அதாவது என்னையே கேமராவாக்கிக்கொண்டேன். அரங்கேற்றத்தன்று தாமதமாக வந்த தோழி ஒருத்திக்கு இடது ஓரத்தில் கடைசி நாற்காலிதான் கிடைத்தது. முடிந்ததும் வந்து "கொஞ்சம் சினிமாத்தனமா இருந்துச்சு" என்றாள்.

"எது?" என்றேன்.

கடிதம் படிக்கும் இடமாம். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கடிதமும் தெரியவில்லை, படித்தவள் முகமும் தெரியவில்லை. அண்ணனாக நடித்தவரின் முதுகு மட்டும் ஒன்றரை நிமிடம் தெரிந்ததாம். நடுவில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு ஃப்ரேம் போட்டிருக்கிறேன். மறுநாள் காட்சிக்கு முன்பு அண்ணனை இரண்டடி பின்னால் நகர்த்தி, தரையில் புதிதாக டேப் ஒட்டினோம். பழைய டேப்பைப் பிய்க்க மறந்துபோய், பாவம், அன்றைக்கு அவர் இரண்டு குறிக்கும் நடுவில் நின்றார்.