படிகாரக் கசடைக் கொண்டு நீரிலுள்ள தாமிரத்தை நீக்குதல்

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கல் தெளியப் படிகாரம் சேர்க்கும்போது அடியில் தங்கும் கசடில் அலுமினியம் ஹைட்ராக்சைடு மிகுந்திருப்பதால், அது தாமிரம், ஈயம் போன்றவற்றைத் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்கிறது. அனுமதி பெற்று வாங்கிய கசடைக் காய்ச்சி வடித்த நீரில் நான்கைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்து, 105 பாகை செல்சியஸில் ஈரம் போக்கி, இடித்துச் சலிக்க வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். 150 முதல் 300 மைக்ரான் வரையுள்ள குருணையே எனக்கு உகந்தது.

சோதனைக் கரைசலுக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போதும். எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னைக்கும் பாக்குக்கும் போர்டோ கலவை என்னும் பூசணக்கொல்லி தயாரிப்பவர்கள் வாங்கும் அதே "துரிசு"தான். 1 லிட்டர் நீரில் 0.2 கிராம் கரைத்தால் ஏறத்தாழ 50 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். அதில் 100 மில்லி எடுத்து, அரை கிராம் கசடிட்டு, 2 மணி நேரம் குலுக்குங்கள்.

நான் சறுக்கியது பி.எச். (அமில-காரத் தன்மை) அளவில்தான். காஸ்டிக் சோடாவைச் சற்றுத் தாராளமாக விட்டதில் அளவு 7-ஐத் தாண்டியது. தாமிரமும் நீரில் அனேகமாக இல்லாமற்போனது. மகிழ்ந்திருந்த வேளையில், கசடே இடாத ஒப்பீட்டுக் குடுவையின் வடிதாளிலும் வெளிர்நீலப் பஞ்சு போன்ற படிவு ஒட்டியிருந்ததைக் கண்டேன். தாமிரம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்திருந்ததே தவிர, கசடுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று சொல்ல வழியில்லை. ஆகவே பி.எச். அளவை 5 முதல் 5.5 வரை வைத்து, கசடு அதை மேலே இழுப்பதால் கால்மணிக்கொருமுறை அளந்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேருங்கள். 4-க்குக் கீழே இறங்கினால் கசடின் அலுமினியமே கரையத் தொடங்கும். இந்த நுட்பத்துக்குப் பி.எச். தாள் உதவாது, பேனா வடிவ மீட்டரை பி.எச். 4, 7 என அளவு மாறாத பஃபர் கரைசல்களில் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள்.

வடிகட்டிய நீரில் மீதமுள்ள தாமிரத்தை அறிய அம்மோனியா விட்டு நீலம் பார்ப்பதை நான் நம்புவதில்லை. இவ்வளவு நீர்த்த கரைசலில் அந்நிறம் கண்ணுக்கு எட்டாது. சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் என்னும் வினைபொருள் தாமிரத்துடன் சேர்ந்து தரும் பொன்பழுப்பு நிறம் தெளிவானது. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கான வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

பிற்சேர்க்கை: முலாம்பூசும் பட்டறையின் மஞ்சள் குரோம் நீருக்கு இம்முறை பலிக்கவில்லை என ராணிப்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்நீரிலுள்ள அறுதிற குரோமியம் (இணைதிறன் ஆறு கொண்ட குரோமியம்) எதிர்மின் அயனியாக இருப்பதால், தாமிரத்துக்கு மாறாக, பி.எச். குறையும்போதே அது நன்கு ஒட்டும். எனினும் அது புற்றுநோய் உண்டாக்குவது. தொடக்கநிலையாளர்கள் தொட வேண்டாம்.

பயன்படுத்திய கசடைத் தென்னை வட்டத்தில் கொட்டாதீர்கள். அமிலம் பட்டால் பிடித்த தாமிரத்தை அது திரும்ப விட்டுவிடும் என்பதால், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பெயரெழுதி வைத்து, அபாயகரக் கழிவு சேகரிக்கும் கல்லூரி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.