குளிர் ஏரியில் கொட்டித் தீர்ந்த காற்று

படிக்க ஜெர்மனி போகும் அக்கா மகன் போன வாரம் செல்லூர் வீட்டுக்கு வந்து, "மாமா, உங்க பழைய ரெகுலேட்டரை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். ஸ்கூபா டைவிங்கில் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, மூச்சு விட வாய்க்குத் தரும் கருவி அது.

தூத்துக்குடிக் கடலில் அது ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஆனால் நான் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது, குளிர்காலத்தில் ஓர் ஏரியில் 4 டிகிரி நீரில் இறங்கினேன். 20 மீட்டர் ஆழத்தில் காற்று நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது. கூட வந்தவரின் ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கான உபரி வாய்க்கருவியைக் கவ்விக்கொண்டு மேலே வந்தேன். அதற்குள் என் சிலிண்டர் ஏறக்குறைய காலி.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, முதல் நிலையில் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதி) சுமார் 10 பாருக்கு இறங்கும்போது கடுமையாகக் குளிர்கிறது. என்னுடையது ஸ்பிரிங் வரை தண்ணீர் புகும் பிஸ்டன் வகை. அந்தத் தண்ணீர் உறைந்து, வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்ற குறி அதிலேயே இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பிஸ்டனுக்குப் பதில் வளையும் சவ்வு வேலை செய்யும், தண்ணீர் புகாதபடி மூடிய டயாஃபிரம் வகையில் இரண்டு வாங்கினேன். இரட்டை வால்வு சிலிண்டரில் தனித்தனியாக மாட்டினால், ஒன்று உறைந்தாலும் அதன் வால்வை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம். நீரில் மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் குழாயை இரண்டாவதில் பொருத்தினேன், சுமை பிரிந்தது. கரையில் நின்று மூச்சிழுத்துப் பார்ப்பதையும் காற்றைப் பீய்ச்சவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்துவதையும் அடியோடு விட்டேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட உறையவில்லை.

சரி, அந்த இரண்டையும்தான் அவன் பெட்டியில் வைத்திருக்கிறேன். போனதும் முதலில் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.