ரம்பப்பூச்சிக் கணக்கெடுப்பு: மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்

கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர் சென்ற வாரம் ரம்பப்பூச்சிப் புழு வளர்த்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். "புழுவெல்லாம் செத்துவிட்டது, மண்ணைக் கொட்டிவிட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே காரியத்தை நானும் செய்தவன். வலை கிழிவது, புட்டி மூடி கழன்றுகொள்வது எல்லாம் பட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

புழு எல்லாம் வண்ணத்துப்பூச்சி ஆகாது

ரம்பப்பூச்சி, தேனீக்கும் குளவிக்கும் எறும்புக்கும் உறவு. ஆனால் குளவியின் ஒடுங்கிய இடுப்பு இதற்குக் கிடையாது. பெண் பூச்சி ரம்பம் போன்ற உறுப்பால் இலையையோ தண்டையோ கீறி முட்டை வைக்கும். இதன் புழுவைப் பார்த்ததும் பலர் 'அந்துப்பூச்சி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வயிற்றடியில் உள்ள போலிக்கால்களை, அதாவது சதைப்பிடிப்பான குட்டைக் கால்களை, எண்ணுங்கள். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பொதுவாக ஐந்து ஜோடிக்கு மேல் இருக்காது. செடியின் மேல் திரியும் ரம்பப்பூச்சிப் புழுவுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு. கடுகைத் தின்னும் அதாலியா என்ற ரம்பப்பூச்சியின் புழுவுக்கு எட்டு. தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கண். இலைக்குள் சுரங்கம் போடும் புழுக்களிடம் இந்தக் கால் கணக்கு செல்லாது.

டப்பா மண்ணைக் கொட்டுவது

புழுவை மட்டும் வைத்துப் பெரும்பாலும் இனத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் வளர்க்கிறோம். ஒருமுறை வேலியோரச் செடி ஒன்றில் பதினான்கு புழுக்களை எடுத்தேன். பச்சை உடம்பு, கரும்புள்ளிகள். பத்து நாள் இலை மாற்றினேன். பிறகு ஒரு காலையில் புள்ளிகள் போய், எல்லாம் வெளிறிய மஞ்சளாகியிருந்தன. இலையைத் தொடாமல் டப்பா ஓரத்தையே சுற்றி வந்தன. நோய் என்று முடிவு கட்டினேன். உண்மையில் அவை தின்று முடித்து, கடைசித் தோலை உரித்துவிட்டு, மண்ணுக்குள் இறங்க வழி தேடிக்கொண்டிருந்தன. நான் விரித்திருந்ததோ காகிதம்!

யாரோ சொல்லிப் பிடி மண் போட்டேன். எட்டு இறங்கின, மற்றவை காய்ந்தன. மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. குப்பையில் கொட்டினேன். கொட்டும்போது மண் ஒட்டிய நீள்வட்டக் கட்டிகள் சில உருண்டதைப் பார்த்தேன். மண்கட்டிதான் என்று நினைத்தேன். அவைதான் கூடுகள். பல இனங்கள் அடுத்த பருவம்தான் வெளிவரும்; சில அதற்கும் அடுத்த ஆண்டு வரும். மறு ஆண்டு போனால் வேலியையே வெட்டியிருந்தார்கள். என் பட்டியலில் அந்த வரி இன்னமும் 'இனம் தெரியவில்லை' என்றே நிற்கிறது. இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது.

ஆகவே முதல் நாளே நான்கு விரல் உயரத்துக்குச் சலித்த, லேசாக ஈரமான மண் போடுங்கள். டப்பாவை வெளியே நிழலில் வையுங்கள். பருவ மாற்றம் அதற்கும் தெரிய வேண்டும். கிளறிப் பார்க்காதீர்கள். இரண்டு ஆண்டு பொறுங்கள். ரம்பப்பூச்சிக்குப் பதில், அதன் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி வந்தால் அதையும் அந்த டப்பாவின் எண்ணிலேயே பத்திரப்படுத்துங்கள்.

அந்த இளைஞரைக் கொட்டிய இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி, டீ வடிகட்டியால் சலித்தோம். ஐந்து கூடுகள் கிடைத்தன.

செடி பெயர் எழுதாதது

'ஏதோ புதர்' என்பது பெயர் அல்ல. பெயர் தெரியாவிட்டால் ஒரு கிளையைக் காகிதத்துக்கிடையே அழுத்தி வையுங்கள்.

பூச்சியோடு வைக்கும் விவரச் சீட்டை வீட்டில் எழுதுவது

பூச்சியை எடுத்த இடத்திலேயே எழுதுங்கள், பென்சிலால். பேனா மை, பூச்சியைப் பதப்படுத்தும் சாராயத்தில் கரையும்.

நிறத்தை நம்புவது

பச்சை நிறப் பூச்சிகள் பல செத்த பிறகு மஞ்சளாகிவிடும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள். நெருங்கிய இனங்களைப் பிரிக்க, பெண்ணின் ரம்பப் பற்களை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

ஒரே நடையில் முடிப்பது

முதிர்ந்த பூச்சி பல இனங்களில் ஆண்டுக்குச் சில வாரங்களே பறக்கும். நீங்கள் போகாத மாதத்துக்கு 'இல்லை' என்று எழுதாதீர்கள்; 'போகவில்லை' என்று எழுதுங்கள்.