உங்கள் டொமைன் பெயர் யார் கணக்கில் இருக்கிறது? இணையதளம் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளும் திருத்தும் முறையும்

சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்தன்று காலை எட்டரை மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "உங்கள் தளத்தைத் திறந்தால் ஏதேதோ விளம்பரம் வருகிறதே, கடையை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டார். மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் எங்கள் சுங்குடிக் கடையை அப்போதுதான் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தோம். கடை இருந்தது, இணையதளம்தான் போய்விட்டது. டொமைன் பெயரின் காலம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி ஒரு மெயில்கூட எனக்கு வரவில்லை.

தளத்தை உருவாக்கித் தந்த தம்பியைத் தேடிப் பிடித்தேன். அவர் வேறு ஊரில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. "அக்கா, பெயரை என் கணக்கில்தான் வாங்கினேன். அந்த மெயிலை இப்போது நான் பார்ப்பதே இல்லை" என்றார். நல்ல பிள்ளை, அன்று மாலைக்குள் பணம் கட்டிப் பெயரை மீட்டுக் கொடுத்தார். அவர் போனை எடுக்காமல் இருந்திருந்தால் பத்து வருடமாகப் பைகளிலும் பில்களிலும் அச்சடித்த பெயர் கைவிட்டுப் போயிருக்கும்.

அதன்பின் ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் கணக்குக்குக் கொண்டுவந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே ஒரு தளம் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே நுழையப் பாஸ்வேர்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெயர் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு. டொமைன் என்பது கடையின் பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது சரக்கு இருக்கும் இடம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே பில்லில் வாங்கித் தருவதால் நம்மில் பலருக்கு இந்த வித்தியாசமே தெரிவதில்லை. ஹோஸ்டிங் போனால் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பெயர் போனால் பழைய முகவரியை வைத்திருக்கும் அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தட்டுங்கள். பெயரை விற்ற பதிவாளர் நிறுவனம் எது, காலம் என்றைக்கு முடிகிறது, தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வர் எது என்பவை தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் தெரியாது. 2018-க்குப் பிறகு அந்த விவரத்தை மறைத்துவிடுகிறார்கள். ஆகவே பதிவாளரின் கணக்கில் நுழைந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் உங்களிடம் இல்லையென்றால், பெயரும் உங்களிடம் இல்லை. இடம் நம் அனுபவத்தில், பத்திரம் அடுத்தவர் பெயரில் என்று சொல்வோமே, அதே நிலைமைதான்.

அதே லுக்கப் பக்கத்தில் நிலை என்ற இடத்தில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். யாரும் பெயரைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் போட்ட பூட்டு அது. 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று இருந்தால் அன்றைக்கே பதிவாளரைக் கூப்பிடுங்கள்.

டாட் காம் பெயருக்குக் காலம் முடிந்தபின் உள்ள கணக்கு இது. முதலில் சலுகைக் காலம். பதிவாளரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள். அதற்குள் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. அடுத்து 30 நாள் மீட்புக் காலம்; 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்பது இதுதான். அப்போது தனியாக ஒரு பெரிய தொகை கேட்பார்கள். அடுத்து 5 நாள் யாரும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம். பதிவாளர் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாளுக்குள் ஒரு முறையும் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. அந்த மெயில் யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 2: பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்

இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே பதிவாளரிடம் நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளச் சொல்வது. இரண்டு, வேறு பதிவாளருக்கு மாற்றுவது; அதற்கு ஓர் அங்கீகாரக் குறியீடு வேண்டும், பழைய பதிவாளர் அதைக் கேட்ட 5 நாளுக்குள் தர வேண்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நேம்சர்வர் எதையும் தொட வேண்டியதில்லை, தளம் ஒரு நிமிடம்கூட நிற்காது. பதிவாளர் பிடிக்கவில்லையென்றால் பிறகு மாறிக்கொள்ளலாம். ஆனால் உரிமையாளர் விவரத்தை மாற்றினால் பல இடங்களில் வேறு பதிவாளருக்கு மாற முடியாதபடி 60 நாள் பூட்டு விழும். ஆகவே காலம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

புதிய கணக்குக்கு எந்த மெயில் முகவரி கொடுப்பது? உங்கள் தளத்தின் பெயரிலேயே உள்ள மெயிலைக் கொடுக்கவே கூடாது. பெயரின் காலம் முடிந்தால் அந்த மெயிலும் சேர்ந்து நின்றுவிடும். எச்சரிக்கை வந்து சேர வழியே இல்லை. தனியாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அதன் பாஸ்வேர்டைத் தெரியப்படுத்துங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கினாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், கார்டு மாறினால் பணம் போகாது. நான் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

படி 3: நேம்சர்வர் மாற்றும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள்

பெயர் கைக்கு வந்ததும் ஹோஸ்டிங்கையும் மாற்றினேன். தளத்தின் கோப்புகளைப் புதிய இடத்தில் ஏற்றிவிட்டு, நேம்சர்வரை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் தளம் புதிய இடத்திலிருந்து வந்தது. மனம் நிறைந்து தூங்கப் போனேன். மூன்றாம் நாள் கோயம்புத்தூரில் இருந்து ஒரு டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் 12 புடவைக்கு அனுப்பிய ஆர்டர் மெயில், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்திருந்தது. அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரு மெயில்கூட வராததை நான் கவனிக்கவே இல்லை.

நடந்தது இதுதான். டிஎன்எஸ் என்பது ஒரு பட்டியல். தளம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று ஒரு வரி, மெயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று வேறு வரிகள். மெயிலுக்கு உரிய வரிக்கு எம்எக்ஸ் என்று பெயர். நேம்சர்வரை மாற்றும்போது அந்தப் பட்டியலை வைத்திருக்கும் இடமே மாறுகிறது. பழைய பட்டியல் தானாகப் புதிய இடத்துக்கு வராது. என் புதிய பட்டியலில் எம்எக்ஸ் வரியே இல்லை. எம்எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்பும் சர்வர், தளம் இருக்கும் சர்வரிடமே மெயிலைக் கொடுக்கப் பார்க்கும். அங்கே எனக்கு அஞ்சல் பெட்டி கிடையாது. வந்த வேகத்தில் திருப்பி அனுப்பிவிட்டது.

இந்த வரிசையில் செய்யுங்கள். பழைய டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து ஒரு வரி விடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புதிய இடத்தில் எல்லா வரிகளையும் அப்படியே சேருங்கள்; எம்எக்ஸ் வரிக்குப் பக்கத்தில் இருக்கும் முன்னுரிமை எண்ணையும் சேர்த்து. டெக்ஸ்ட் என்ற வகையில் நீளமான வரிகள் இருக்கும். அவை எஸ்பிஎஃப், டிகிம் எனப்படும் மெயில் அடையாளங்கள். பார்க்க அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகத் தெரியும், ஆனால் விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு வரும் மெயிலில் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் பில் வாடிக்கையாளரின் ஸ்பாமுக்குப் போகும், அல்லது போகவே போகாது.

தளம் எந்தச் சர்வரில் என்று சொல்லும் அந்த ஒரு வரியில் மட்டும் புதிய ஹோஸ்டிங்கின் ஐபி முகவரி எண்ணைப் போடுங்கள். எல்லாம் சேர்ந்தபின் நேம்சர்வரை மாற்றுங்கள். டாட் காமுக்கு நேம்சர்வர் விவரத்தைப் பிற சர்வர்கள் 48 மணி நேரம்வரை நினைவில் வைத்திருக்கும். ஆகவே உங்கள் போனில் புதிய தளமும் உங்கள் சித்தப்பா போனில் பழைய தளமும் தெரிவது இயல்பு. பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரமாவது நிறுத்தாதீர்கள். அந்த வாரம் பழைய அஞ்சல் பெட்டியையும் தினம் திறந்து பாருங்கள்.

சரிபார்க்கக் கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் உள்ள 'டிக்' பக்கம் போதும். பெயரைத் தட்டி எம்எக்ஸ் என்பதை அழுத்தினால் உலகத்துக்கு என்ன தெரிகிறதோ அது வரும். விளம்பரம் நிறைந்த வேறு தளங்களைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிறகு வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த 12 புடவை ஆர்டர் போயே போய்விட்டது. டீச்சருக்கு விசேஷத் தேதி நெருங்கிவிட்டதால் வேறு கடையில் வாங்கிவிட்டார்.

படி 4: ஒரு சின்னக் கட்டம்

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போடுவார்கள். திறப்பு விழா நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். அதில் டிக் இருக்கும்வரை கூகுளில் வரவே மாட்டீர்கள். எடுத்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

படி 5: தமிழைத் தமிழாகவே போடுங்கள்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், 'மதுரை மல்லி' என்று தேடினால் தன் தளம் வருவதே இல்லை என்று வருத்தப்பட்டார். திறந்து பார்த்தேன். பக்கம் முழுவதும் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரியும்; உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள்தான் இருக்கும். கூகுளுக்கு அது தமிழே இல்லை. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் மனிதருக்கும் தமிழாகத் தெரியாது. மாற்றித் தரும் இலவசக் கருவிகளில் போட்டு எல்லாப் போனும் கூகுளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வைத்தோம். மாற்றியபின் ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள்; கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறும்.

அவர் தளத்தில் போன் நம்பர், மேலே இருந்த படத்துக்குள் இருந்தது. படத்துக்குள் இருக்கும் நம்பரைத் தொட்டால் போன் போகாது. எழுத்தாகப் போடுங்கள்.

தலைப்பைத் தமிழில் வையுங்கள், ஆனால் பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள் என்பது என் கருத்து. 'சுங்குடி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. முகவரியைப் பிரதி எடுத்து அனுப்பும்போது அதுவே சதவீதக் குறிகளும் எண்களுமாக 72 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும், அதனால் மூன்று சொல் தலைப்புகூடப் பாதியில் நிற்கும்.

படி 6: புடவைப் படங்கள்

போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி. ஒரு பக்கத்தில் 40 புடவை என்றால் 160 எம்பி. யார் காத்திருப்பார்கள்? அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமியுங்கள்; ஒரு படம் 150 கேபி அளவுக்கு வந்துவிடும். நான் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். பிரவுசரிலேயே ஓடுகிறது, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. சுங்குடிக்கு அது மிக அவசியம். தரத்தை 50-க்கு இறக்கினால் முடிச்சுப் போட்ட இடத்தில் வரும் வெள்ளைப் புள்ளிகள் கரைந்து அச்சுப் புடவை மாதிரி ஆகிவிடுகின்றன. கைக்கட்டுப் புடவையின் புள்ளிகள் ஒன்று போல் ஒன்று இருக்காது. அந்த ஒழுங்கின்மையைப் பார்த்துத்தான் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். 78 அல்லது 80-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது ஏற்கெனவே நசுங்கியது.

படி 7: பேக்அப்

ஹோஸ்டிங் கணக்குக்குள்ளேயே இருக்கும் பேக்அப் பேக்அப் அல்ல. கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். வாரம் ஒரு முறை கோப்புகளையும் டேட்டாபேஸையும் இறக்கிக் கூகுள் டிரைவிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது அதிலிருந்து வேறு இடத்தில் தளத்தை எழுப்பிப் பாருங்கள். நான் முதன்முறை எழுப்பியபோது டேட்டாபேஸ் மட்டும் வந்தது. படங்கள் இருந்த ஃபோல்டர் பேக்அப்பில் சேரவே இல்லை.

பின்னர் சேர்த்தது

திருமங்கலத்திலிருந்து ஒருவர், எல்லாம் சொன்னபடி செய்தும் மெயில் ஸ்பாமுக்குப் போகிறது என்றார். அவர் பட்டியலில் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் இருந்தன. ஒரு பெயருக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இரண்டிலும் உள்ளதை ஒரே வரியாக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது.

மேலூரிலிருந்து ஒரு தங்கை எழுதியது இன்னும் முக்கியம். பெயரைத் தன் கணக்குக்கு மாற்றிய மூன்றாவது வாரம் தளம் நின்றுவிட்டது. உரிமையாளரின் மெயில் முகவரி மாறினால், அது உண்மையானதுதானா என்று கேட்டுப் பதிவாளர் ஒரு இணைப்பு அனுப்புவார். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள். எனக்கு அந்த மெயில் முதல் நாளே கண்ணில் பட்டதால் இங்கே எழுதத் தோன்றவில்லை. அவருக்கு அது புரொமோஷன்ஸ் பகுதியில் கிடந்தது. தேடி எடுத்து அழுத்தினார். சில மணி நேரத்தில் தளம் திரும்ப வந்தது. படி 2 முடித்த அன்றே அந்த மெயிலைத் தேடிவிடுங்கள்.